மற்றப் பக்கத்தால் கேட்டவர்

அந்த வைத்தியரை நான் ஒருபோதும் முழுமையாக நம்பியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை. ஒருவரைப் பற்றிப் பேச எழுகிறவர், தாம் எந்தத் தரப்பில் நின்று பேசுகிறார் என்பதை அவைக்கு மறைக்கக்கூடாது. ஆனால், என் தரப்பைச் சொன்ன கையோடு அவரது தரப்பையும் சொல்லவேண்டும்: அவரும் எவரையும் நம்பியதில்லை. குறிப்பாக, ஆம் என்பதற்கு நாங்கள் சொல்லும் ‘ஓம்’ என்ற சொல்லை அவர் நம்பவேயில்லை.

புத்தளம் பஸ் நிலையத்துக்கு முன்னால் இருந்த தேநீர்க் கடையில் ஒரு நாள் காலை அவர் பாண் வாங்கினார். நான் பக்கத்தில் நின்றேன்.

“இண்டைக்குப் போட்ட பாணா?”

“ஓம் மிஸ்.”

“ஹரி. இப்ப மற்றப் பக்கத்தால கேக்கிறன். இது நேத்தையப் பாண் இல்லையா?”

கடைக்காரர் பாணை ஒருமுறை பார்த்தார். என்னை ஒருமுறை பார்த்தார். “நேத்து மஃரிப் தொழுகைக்குப் பொறகு போட்டது மிஸ். பொழுது பட்டா எங்கட கணக்கில அடுத்த நாள், அப்ப அது இண்டைக்குத்தான்.”

அந்தப் பாணையே அவர் வாங்கினார். பழையது என்பதற்காக அவர் எதையும் வேண்டாமென்று ஒதுக்குவதில்லை. பழையது என்று தெரிந்து வாங்கவேண்டும், அவ்வளவே. முச்சக்கரவண்டிச் சாரதியிடம் வழி தெரியுமா என்று கேட்பார். தெரியும் என்றதும், தெரியாத இடம் எது என்று கேட்பார். மருந்து தவறாமல் போடுகிறேன் என்று சொல்லும் நோயாளியிடம், மிச்சமாகிக் கிடக்கும் மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார். நோயாளியும் அலுமாரிக்கு மேலே என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். “மிஸ் ஆஸ்பத்திரியில இரிக்கிற ஆள் இல்ல, கோட்டில இரிக்க வேண்டிய ஆள்” என்று அந்தச் சாரதி என்னிடம் முணுமுணுத்தார். எனக்கும் அப்படித்தான் பட்டது. அவர் வழக்காடுவாரா, தீர்ப்புச் சொல்வாரா என்பதில் மட்டும் எனக்கு ஐயம் இருந்தது.

சிலாபம் பக்கத்துக்காரர். தமிழ் பேசும்போது ‘சரி’ வரவேண்டிய இடத்தில் சிங்கள ‘ஹரி’ வரும். சிங்களம் பேசும்போது இடையில் ‘என்ன’ வரும். குடை ஒன்றை எப்போதும் கையில் வைத்திருந்தார்; உப்பளத்து வெயிலிலும் அதை விரித்து நான் கண்டதில்லை. உப்பளத்துப் பெண்கள் அவரைக் ‘கண் மிஸ்’ என்றார்கள். உண்மையான பெயர் எனக்குத் தெரியும். தம் பெயர் எங்கே வரலாம், எங்கே வரக்கூடாது என்பதில் அவர் காட்டிய கண்டிப்பை நான் அறிந்தவள் என்பதால், இங்கே அதை எழுதாமல் விடுகிறேன்.

யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் கடந்திருந்தன. நான் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தேன். மாகாண மட்ட விவாத மேடைகளில் எதிரணியினரைச் சொல்லிழக்கச் செய்தவள் என்ற பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயரைக் கேட்டுத்தான் அவர் என்னை அழைத்தார் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, தமிழும் ஓரளவு சிங்களமும் தெரிந்த, உடனடியாக வேறு வேலை இல்லாத ஒருவர் அவருக்குத் தேவைப்பட்டிருக்கிறார் என்பது.

அவர் நடத்திய ஆய்வு உப்பளப் பெண்களின் கண்களைப் பற்றியது. வெயில் உப்பில் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கிறது. நாள் முழுதும் அந்த வெண்மையைப் பார்த்தபடி உப்பு வாருகிறார்கள். பலருக்கு வெள்ளைவிழியில் சிவந்த சதை வளர்ந்து கருவிழியை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது. அது தொழிலால் வந்தது என்று மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் வெளியானால், சத்திரசிகிச்சைச் செலவை உப்பள நிர்வாகம் ஏற்கவேண்டும் என்று மாதர் சங்கம் கேட்கலாம். இதுவரை கேட்டபோதெல்லாம், “ஆர் சொன்ன? எங்க எழுதியிரிக்கி?” என்பதே உப்பளத்தை மேற்பார்வை செய்த ஓவசியரின் பதிலாக இருந்தது.

ஆய்வுக்கு முன் ஒவ்வொருவருக்கும் சம்மதப் படிவத்தை வாசித்து விளக்குவது என் வேலை. என்ன செய்யப்போகிறோம், என்ன தீங்கு வரலாம், என்ன நன்மை வரலாம், விரும்பாவிட்டால் விலகலாம், விலகினால் எதுவும் குறையாது. இவ்வளவுதான் விடயம். எனக்கு அது உயிரற்ற உரையாகப் பட்டது. நான் அதற்கு உயிர் கொடுத்தேன். “உப்பின் வெண்மையில் தம் ஒளியை உருக்கிக் கொடுத்த கண்களே” என்று தொடங்கினேன். முன்பள்ளிக் கட்டடத்தில், சிறுவர்களின் குட்டிக் கதிரைகளில் முழங்கால் மடித்து அமர்ந்திருந்த பெண்கள் அனைவரும் கைதட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்தார். எல்லோரும் கையெழுத்திட்டார்கள்.

படிவங்களை வாங்கி அடுக்கிய வைத்தியர் அவற்றைத் திறக்கவில்லை. “கை தட்டினவங்கள்ட்டக் கையெழுத்து வாங்க ஏலாது, புள்ள” என்றார். “ஆபத்து இருக்கிற இடத்தில உங்கட குரல் இறங்குது. நன்மை இருக்கிற இடத்தில ஏறுது. ரெண்டையும் ஒரே உயரத்தில வாசிங்க.”

எல்லோரையும் மறுநாள் வரச்சொல்லி அனுப்பிவிட்டார். மறுநாள் நான் பஸ் நேர அட்டவணையைப் படிப்பதுபோலப் படித்தேன். யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் கையெழுத்திட்டார்கள். அப்போதும் அவருக்குத் திருப்தியில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டார்.

“வராம விட்டா என்ன நடக்கும்?”

“ஒண்டும் நடக்காது மிஸ்.”

“ஹரி. மற்றப் பக்கத்தால கேக்கிறன். வந்ததால என்ன கிடைக்கும்?”

“ஒண்டும் கிடைக்காது மிஸ்.”

பதில்கள் பிழையில்லை. ஆனால் அத்தனை பெண்களும் ஒரே சொற்களில் அதைச் சொன்னார்கள். வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் சொல்லிக்கொடுத்தேன் என்று நினைக்கிறாரோ என்று எனக்குக் கோபம் வந்தது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தது வேறொன்று. அதை அவர் அறிந்திருக்கவில்லை. அதற்குள்ளேயே வளர்ந்த எனக்கோ அது கண்ணில் படவில்லை.

அந்தப் பெண்களில் பெரும்பாலோர், தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து உடுத்த உடையோடு வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். வந்த நாள் முதல், கோப்பும் பேனையுமாக ஒருவர் வாசலில் நின்றால் அது பதிவு. பதிவு என்றால் நிவாரணம். பதிவு என்றால் காணி. பதிவு என்றால் வாக்கு. பதிவு என்றால் என்றாவது ஒருநாள் ஊர் திரும்பும் உரிமை. பதிவில் பெயர் இல்லாதவர் உலகத்திலேயே இல்லாதவர். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் அடையாள அட்டைப் பிரதிகள் நிரம்பிய பிளாஸ்திக் சொப்பின் பை ஒன்று ஆணியில் தொங்கும். வந்தவர் எதற்கு வந்தார் என்று கேட்பதற்கு முன்பே அந்தப் பை இறங்கிவிடும். கண் பரிசோதனைக்கும் அவர்கள் அந்தப் பையோடுதான் வந்தார்கள். பை எதற்கு என்று வைத்தியர் கேட்டதற்கு, “சும்மா மிஸ், ஒரு பாதுகாப்புக்கு” என்று ஜெஸீமா ராத்தா சொன்னார்.

ஜெஸீமா ராத்தா எங்கள் பக்கத்து வீட்டு அக்கா. உப்பளத்தில் உரத்த வாய் அவருடையது. கண்களில் மிக மோசமான கண்ணும் அவருடையதுதான். வலது விழியில் சதை, மீனின் செட்டை விரிந்ததுபோல் விரிந்து, நடுவில் ஒரு நரம்பு இரண்டாகக் கிளைத்திருந்தது. பரிசோதித்த ஒவ்வொருவரின் கண்ணையும் வைத்தியரோ அவரது உதவியாளரோ படமெடுத்தார். முகம் தெரியாது, கண் மட்டும்தான் என்று நான் விளக்கினேன்.

“கண் மட்டும் எண்டாலும் வீட்டில உள்ளவங்க அடையாளம் காணுவாங்களா?” என்று வைத்தியர் கேட்டார்.

“என்ட மனிசன் என்ட முகத்தையே ஒழுங்காப் பாத்ததில்ல மிஸ். கண்ண எங்க பாக்கப் போறாரு.”

கட்டடமே சிரித்தது. வைத்தியர் சிரிக்கவில்லை. அது ‘ஓம்’ ஆ, ‘இல்லை’ ஆ என்று யோசித்துக்கொண்டிருந்தார் போலும்.

பரிசோதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுக்கப்பட்டது. இதை வாசகர் நினைவில் வைக்கவேண்டியதில்லை. அது தானாகவே திரும்பி வந்து நிற்கும்.

கட்டுரை எழுதி முடிந்த காலத்தில் நிகழ்ந்த ஒன்று அவர்மீதான என் ஐயத்தை உறுதியாக்கியது. ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்கின் பின்புறத்தில் நின்று தொலைபேசியில் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார். மறுமுனையில் அவருக்கு மேலான பெரிய வைத்தியர் ஒருவர் என்பது பேச்சின் பணிவில் தெரிந்தது.

“சேர் இந்தப் பக்கம் வரவில்லையே. வராதவரின் பெயரை நான் எப்படிப் போடுவது?” சற்று நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “இல்லை சேர், நன்றியுணர்வு இருக்கிறது. அதை வேறு இடத்தில் எழுதலாம். எழுதியவர்களின் வரிசையில் எழுத முடியாது.”

அவர் திரும்பியதும் நான் கேட்டேன். “பெரிய ஆள் ஒருத்தரிட பேர் இருந்தா பேப்பர் பெரிய இடத்தில வருமே மிஸ்?”

“வரும்.”

மற்றப் பக்கத்தால் ஏதாவது சொல்வார் என்று நின்றேன். சொல்லவில்லை. புகழைத் தனியே உண்ணப் பார்க்கிறார் என்று முடிவுசெய்தேன். எழுதியவர்களின் வரிசையில் எனக்கும் இடமில்லை என்று காட்டி, அந்த முடிவுக்கு அவரே இன்னொரு சான்றும் தந்தார்.

“கட்டுரைக் கடைசியில நன்றி சொல்லுற பந்தியில உங்கட பேர் வர விருப்பமா?” என்று என்னிடம் கேட்டார்.

“ஓம் மிஸ்.”

“வராட்டிக் கோவமா?”

“ஓம்.”

“ஹரி. இதை நம்பலாம்” என்று எழுதிக்கொண்டார்.

கட்டுரை வெளிவந்தது. வெளிநாட்டுச் சஞ்சிகை, யாரும் இணையத்தில் வாசிக்கலாம். நன்றிப் பந்தியில் என் பெயர் இருந்தது. மாதர் சங்கம் அதை அச்செடுத்து, பிளாஸ்திக் உறையிலிட்டு, உப்பள நிர்வாகத்திடம் கொண்டுபோனது. “எங்க எழுதியிரிக்கி?” என்ற கேள்வி அன்று முதல்முறையாக ஓவசியரின் வாயிலிருந்து வரவில்லை. நிர்வாகம் ஒரு பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்தது. பெண்களின் சார்பில் பேசுவதற்கு என்னைத் தெரிவுசெய்தார்கள். நான் உரையைத் தயாரித்து, கண்ணாடி முன் நின்று பழகி, எந்த இடத்தில் நிறுத்தவேண்டும் என்பதுவரை முடிவுசெய்திருந்தேன்.

பேச்சுவார்த்தைக்குச் சில நாட்கள் முன்பு அவர் மடிக்கணினியோடு வந்தார். வந்த விதமே சரியில்லை. குடையை மறந்து வந்திருந்தார். பெண்களை முன்பள்ளிக்கு அழைக்கச் சொன்னார். எல்லோரும் குட்டிக் கதிரைகளில் அமர்ந்ததும் திரையில் இரண்டு கண்களைக் காட்டினார். நிர்வாகத்துக்குக் காட்டுவதற்காகப் படங்களைப் பக்கம் பக்கமாக வைத்துத் தெரிவுசெய்தபோது கண்ணில் பட்டதாம். இரண்டிலும் சதை மீன் செட்டைபோல விரிந்திருந்தது. இரண்டிலும் நரம்பு ஒரே இடத்தில் கிளைத்திருந்தது. பெயர்கள் மட்டும் வேறு; ஒன்று ஜெஸீமா ராத்தாவுடையது, மற்றது அவரது தங்கையுடையது.

“இது ரெண்டு பேரிட கண்ணா?”

“ஓம் மிஸ்” என்றார்கள் எல்லோரும்.

“ஹரி. மற்றப் பக்கத்தால கேக்கிறன். தங்கச்சிக்குக் கண்ணாடி அனுப்பியாச்சா, ராத்தா?”

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் தும்மினார்கள்.

“இன்னும் இல்ல மிஸ்” என்றார் ஜெஸீமா ராத்தா. “கொண்டு போக ஆள் கிடைக்கல்ல.”

அவரது தங்கை ரியாத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்தார்; வைத்தியர் அதை விசாரித்துவிட்டே வந்திருந்தார். பரிசோதனையின் முதல் நாள் ஜெஸீமா ராத்தா தன் பெயரில் வந்தார். இன்னொரு நாள், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, சொப்பின் பையிலிருந்த தங்கையின் அடையாள அட்டைப் பிரதியோடு, தங்கையாக வந்தார். அன்று படமெடுத்தவர் வைத்தியர் அல்ல, உதவியாளர்.

“ஏன் ராத்தா?”

“வேற என்ன செய்ற? அவ வரக்குள்ள லிஸ்டில பேர் இல்லாட்டி நீங்களா சேப்பீங்க?”

“இது அந்தப் பதிவு இல்ல எண்டு வாசிச்சமே.”

“எல்லாரும் அப்பிடித்தான் மிஸ் வாசிக்கிற.”

ஒன்று வெளிவந்ததும் மற்றவையும் வந்தன. ஒருவர் குவைத்திலிருக்கும் மருமகளுக்காக வந்திருந்தார். இன்னொருவர் தன் உம்மாவுக்காக வந்திருந்தார்.

“உம்மா எங்க?”

“மௌத்தாகி அடக்கியாச்சு மிஸ்.”

“மௌத்தானவவுக்குமா கண் சோதிச்ச?”

“பேர் இன்னம் வெட்டல்லையே மிஸ்.”

அங்கேயே, அத்தனை பேருக்கும் முன்னால், நான் எழுந்து வாதிட்டேன். சதை வளர்ந்தது உண்மை; உப்பால் வளர்ந்தது உண்மை; ஒருவர் இருவராக எண்ணப்பட்டதால் அந்தக் கண் நலமாகிவிடவில்லை. பிழையான பெயர்களை நீக்கிவிட்டுத் திருத்தம் வெளியிட்டால் போதும். பெரிய சேரின் பெயரைத் தயங்காமல் வெட்டியவருக்கு, ரியாத்திலிருக்கும் ஒரு வேலைக்காரியின் பெயரை வெட்டுவது என்ன கடினம் என்றும் கேட்டேன். வாதம் பழுதற்றது. இன்றைக்கும் அதில் ஒரு சொல்லை நான் மாற்றமாட்டேன்.

அவர் முழுவதையும் கேட்டார். “எத்தனை பேர் எண்டு தெரிஞ்சாத் திருத்தலாம்” என்றார். “அது தெரியாதது ஒரு பக்கம். மற்றப் பக்கம் என்ன தெரியுமா? ஒரே ஆளா, ஒரே தரம் வந்தவங்களும் பதிவு எண்டு நினைச்சுத்தான் வந்திருக்காங்க. இல்ல எண்டு சொன்னா வெட்டிப் போடுவாங்க எண்டு பயந்து சொன்ன ஓம். அந்த ஓமை வெச்சுக்கொண்டு நான் எப்பிடி எழுத?”

“அப்ப என்ன செய்யப் போறீங்க?”

“திருப்பி எடுக்கப் போறன்.”

அப்படியானால் பேச்சுவார்த்தை என்னவாகும் என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் தெரியும். ஜெஸீமா ராத்தாதான் எழுந்தார்.

“எங்கட பேர பொலிசுக்குக் குடுப்பீங்களா?”

“இல்ல.”

“குடுக்காம விடுவீங்களா?”

“ஓம்.”

அவர் சொன்ன ‘ஓம்’ ஐயும் அங்கே எவரும் நம்பவில்லை.

சில வாரங்களில் சஞ்சிகையின் பக்கத்தில் கட்டுரையின்மேல் ‘மீளப்பெறப்பட்டது’ என்ற சிவப்பு எழுத்து விழுந்தது. கீழே ஒரு சிறிய அறிவித்தல்: பங்குபற்றியோரின் சம்மதத்தை ஆய்வாளர் உரிய முறையில் பெறத் தவறினார்; தவறு ஆய்வாளருடையது. பெண்கள் ஆள்மாறி வந்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதைப் பெருந்தன்மை என்று சிலர் சொன்னார்கள். விவரம் சொல்லாத ஒப்புதல் வாக்குமூலம் என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். நன்றிப் பந்தியிலிருந்த என் பெயருக்குக் குறுக்காகவும் அந்தச் சிவப்பு ஓடியது.

ஓவசியர் உப்பளத்துக்கே வந்து, பாத்தி வரம்பில் நின்று பேசினார். “பேப்பர எழுதின ஆளே பிழையெண்டு சொல்லிட்டாங்க. இனி எந்தக் கண்ணக் கொண்டு வாறீங்க, பாப்பம்.”

பேச்சுவார்த்தை நின்றுபோனது. நிர்வாகம் வைத்தியரை விலைக்கு வாங்கிவிட்டது என்ற கதை பள்ளிவாசல் முன்றலிலும் மீன் சந்தையிலும் ஓடியது. அதே மாதத்தில் அவருக்குக் கொழும்பில் ஒரு நல்ல வைத்தியசாலைக்கு இடமாற்றம் கிடைத்தது. அந்த இடமாற்றத்துக்கு அவர் முன்பே விண்ணப்பித்திருந்தாரா, அல்லது யாராவது கொடுத்தார்களா என்பதை நான் விசாரித்தேன். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். மாதர் சங்கக் கூட்டத்தில் நான் அவருக்கு எதிராகப் பேசினேன். நன்றாகவே பேசினேன்.

அடுத்த உப்புக் காலத்தில், கச்சான் காற்று உப்பைத் தூசாக்கிக் கன்னத்தில் அறைந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். கருவி ஒரு தோள்பையில் இருந்தது, உதவியாளர் இல்லை, கண்ணாடிப் பெட்டி இல்லை. என் வீட்டுக்கு வந்து, வாசிப்பதற்கு வரமுடியுமா என்று கேட்டார். கூட்டத்தில் நான் பேசியது அவர் காதுக்கு எட்டியிருக்கும். அதைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எதற்கு மீண்டும் வந்திருக்கிறார் என்று அறியும் ஆவலில்தான் போனேன். அவரது மனச்சாட்சி சுத்தமானதா என்று பார்க்க வேண்டும் என்பதும் ஒரு காரணம்.

இம்முறை முன்பள்ளிக்கு எவரையும் அழைக்கவில்லை. ஒருவர் சொல்வது இன்னொருவருக்குக் கேட்காதபடி, பாத்தி வரம்புகளில் ஒவ்வொருவராகப் போய்க் கேட்டார். பையை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச்சொன்னார். கண்ணாடி, வந்தவர்களுக்கும் வராதவர்களுக்கும், எல்லாம் முடிந்த பிறகு ஒரே மாதிரித் தரப்படும் என்றார். இல்லை என்று சொல்பவர்களும் எந்த நாளும் புத்தளம் ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கு வரலாம். வைத்தியம் வேறு, ஆய்வு வேறு என்று என்னை இரண்டு தடவை வாசிக்க வைத்தார். ‘ஓம்’ சொன்ன ஒவ்வொருவரையும் மற்றப் பக்கத்தால் கேட்டார். அதில் சிலர் தடுமாறினார்கள், தடுமாறியவர்களை விட்டுவிட்டார். ஒரு ஞாயிறு முழுவதும் நின்று, ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் ஆட்களையே அவர் சேர்த்தார்.

ஜெஸீமா ராத்தாவிடம் வந்தோம். உப்புக் குவியலுக்கு அருகில், உப்பு இழுக்கும் வாரியை ஊன்றிக்கொண்டு நின்றார். வலது கண் முன்னிலும் சிவந்திருந்தது. சதை கருவிழியின் விளிம்பைத் தாண்டிவிட்டது எனக்கே தெரிந்தது. அவரை விட்டால் அந்த ஆய்வில் வலிமை குறையும் என்பதும் தெரிந்தது. நான் ஒரே உயரத்தில் வாசித்து முடித்தேன்.

“விருப்பமா ராத்தா?”

ஜெஸீமா ராத்தா கடலேரிப் பக்கம் பார்த்தார். “இல்ல மிஸ்.”

அந்த ‘இல்ல’ என்ன என்பது எனக்குத் தெரியும். எங்கள் வீடுகளில் தேத்தண்ணி வேண்டுமா என்றால் முதலில் வேண்டாம் என்போம். சாப்பிடச் சொன்னால் இப்போதுதான் சாப்பிட்டேன் என்போம். கேட்டவர் கையைப் பிடித்து இருத்தவேண்டும். அதற்குப் பிறகே உட்காருவோம். முதல் ‘இல்லை’ மரியாதை. அதில் கொஞ்சம் கோபமும், முன்பு பட்ட வெட்கமும் கலந்திருந்தது. இன்னொருமுறை கேட்டிருந்தால் போதும்.

“ஹரி, ராத்தா” என்றார் வைத்தியர். அடுத்த பாத்தியை நோக்கி நடந்தார்.

நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நடந்தேன். “மிஸ், மற்றப் பக்கத்தால கேக்கல்லையா?”

“இல்ல எண்டதுக்கு மற்றப் பக்கம் இல்ல, புள்ள.”

“அது மரியாதைக்குச் சொன்னது. எங்கட ஆக்கள் அப்பிடித்தான். அவவிட கண்ணப் பாருங்க மிஸ்.”

அவர் நின்றார். திரும்பிப் பார்த்தார். அந்தக் கண்ணின் நிலை என்னைவிட அவருக்குத் தெரியும். அவர் முகத்தில் ஏதோ ஒன்று ஓடியது. அது இரக்கமா, கணக்கா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. “கிளினிக்குக்கு வரச் சொல்லுங்க. எந்த நாளும் வரலாம். இதுக்கு நான் திருப்பிக் கேக்க ஏலாது” என்றார்.

நான் சொன்னேன். ஜெஸீமா ராத்தா வரவில்லை. பதிவில் சேராதவருக்கு யாராவது எதையாவது கொடுத்த கதையை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. அன்று பிற்பகல் முழுவதும், வைத்தியர் எந்தப் பாத்தியில் நிற்கிறார் என்று அவர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததை நான் கண்டேன். வைத்தியர் மாலை பஸ்ஸில் போய்விட்டார்.

அப்படிப் பல ஞாயிறுகள் வந்தார். பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தார்கள். ஜெஸீமா ராத்தா இருக்கும் பாத்திக்கு அவர் மீண்டும் போகவேயில்லை. தூரத்திலிருந்து சலாம் மட்டும் சொல்வார். அதை நான் கொடுமை என்று நினைத்த நாட்களும் உண்டு.

இரண்டாவது கட்டுரை சிறியது. சிறிய சஞ்சிகையில் வந்தது. முந்தைய கட்டுரை ஏன் மீளப்பெறப்பட்டது என்பதை அதன் முதற் பந்தியிலேயே எழுதியிருந்தார். ஓவசியர் அதை ஆயுதமாக எடுக்கப் பார்த்தார். ஆனால் எதிரி சொல்லவேண்டியதை எழுதியவரே முதலில் சொல்லிவிட்ட பிறகு அவருக்குச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. இழுபறிக்குப் பிறகு நிர்வாகம் இறங்கி வந்தது. ஆய்வில் பரிசோதிக்கப்பட்டவர்கள், தாமாக முன்வந்து பெயர் கொடுத்தால், அவர்களுக்கு மட்டும் சத்திரசிகிச்சைச் செலவு. மற்றவர்களைப் பற்றிப் பிறகு பார்க்கலாம். அந்தப் ‘பிறகு’ இன்னும் வரவில்லை.

இடமாற்றத்தின் கதை என்ன என்று நான் இன்றுவரை அறியேன். கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். சொன்னால் நான் நம்பியிருப்பேனா என்பது வேறு.

போன நோன்புப் பெருநாளுக்கு ஊருக்குப் போனபோது, ஜெஸீமா ராத்தா எங்கள் வாசலில் வந்து அமர்ந்தார். வலது கண்ணை அரைவாசி மூடியபடிதான் இப்போது பேசுகிறார்.

“கண் மிஸ்ஸிட பேப்பர் உங்கட போன்ல இரிக்கா? நம்மளப் பத்தி என்ன எழுதியிரிக்கி?”

நான் எடுத்துத் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். ஓரிடத்தில் நிறுத்தினேன். அந்த வரியை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

“என்ன, சொல்லுங்க.”

“‘அழைக்கப்பட்டவர்களுள் ஒருவர் மறுத்தார். காரணம் கேட்கப்படவில்லை.’”

“அது நானா?”

“ஓம் ராத்தா. மற்ற ஆக்கள் தடுமாறினாங்க. இல்ல எண்டு வாயால சொன்னது நீங்க மட்டும்தான்.”

“பேர் போடல்லையா?”

“இல்ல.”

“இன்னொருக்காக் கேட்டிருந்தா நான் ஓம் எண்டிருப்பன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “மறுத்த எண்டு எழுதினா, அத வெச்சி ஆபிசில என்ட பேர வெட்ட ஏலுமா?”

“ஏலாது ராத்தா.”

“எந்த வரி, காட்டுங்க.”

காட்டினேன். அவருக்கு அந்த எழுத்துகள் தெரியாது. கண்ணை அருகே கொண்டுவந்து, பெருவிரலை அந்த வரியின்மேல் அழுத்தி வைத்தார். திரை நகர்ந்தது, வரி மேலே ஏறி மறைந்துவிட்டது.

“எங்க போச்சு?” என்றார். “திருப்பி எடுங்க, புள்ள.”